இருபத்தேழாவது கட்டம்

விசா விண்ணப்பத்தின் முதல் இருபத்தாறு கட்டங்களை மெக்கானிக் யோசித்து யோசித்துத்தான் நிரப்பினார். தன் பிறந்த தேதியை எழுதும்போதுகூடப் பாஸ்போர்ட்டைத் திறந்து ஒரு தடவை சரிபார்த்துக்கொண்டார். இருபத்தேழாவது கட்டத்தில், 'உங்களை அழைப்பவர் உங்களுக்கு என்ன உறவு?' என்று கேட்டிருந்தார்கள். அது ஒன்றைத்தான் யோசிக்காமல் எழுதினார். 'சிஸ்டர்' என்று எழுதிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்.

வில்லங்கம் அந்த ஒரு வார்த்தையில் உட்கார்ந்திருந்தது. அது எழுந்து நிற்கப் பன்னிரண்டு நாள் ஆயிற்று.

மெக்கானிக் என்றால் லிஃப்ட் மெக்கானிக். வயது நாற்பத்தைந்து. அந்த நகரத்துக்குப் பிழைக்க வந்து பதினோரு வருடம். கம்பெனி அவர் தலையில் நூற்றுப்பத்து லிஃப்டுகளைக் கட்டியிருந்தது. ஒவ்வொன்றின் குணமும் அவருக்கு அத்துப்படி. வங்கி லிஃப்டுக்கு மழை நாளில் கதவை மூட மனசு வராது. கண் மருத்துவமனை லிஃப்ட் மூன்றாவது மாடியில் ஒரு தும்மல் போட்டுவிட்டுத்தான் நிற்கும். நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருந்து கதவைத் தட்டும்போது, "பயப்படாதீங்க, வந்துட்டேன்" என்று அந்த ஊர் மொழியில் சொல்வார். உச்சரிப்பு அவ்வளவு சுத்தம் இல்லை. ஆனால் மாட்டிக்கொண்டவர்கள் யாரும் உச்சரிப்பைக் குறை சொன்னதில்லை.

அவர் பிறந்தது ஒரு நாடு, பிழைப்பது ஒரு நாடு, இப்போது போகவேண்டியது மூன்றாவது நாடு. விமானத்தில் இரண்டரை மணி நேரம். அந்த ஊர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு டூத் பிரஷ்ஷைப் பையில் போட்டுக்கொண்டு அந்த நாட்டுக்குப் போய், ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிடுவார்கள். அவர்களோடு ஒரே பஸ்ஸில் போகிற, ஒரே கடையில் தக்காளி வாங்குகிற மெக்கானிக்குக்கு மட்டும் ஒன்பது நாள் போய்வரப் பத்தொன்பது காகிதம் வேண்டும்.

போகவேண்டி வந்தது தங்கச்சியால். அவள் கூப்பிட்டபோது அவர் ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் இருந்தார்.

"அண்ணா, எங்க இருக்க?"

"உச்சியில."

"இறங்கி வந்து பேசு. கைய காலை எதுலயாவது விட்டுடப்போற."

"மெயினை ஆஃப் பண்ணியிருக்கேன். சொல்லு."

"கல்யாணம் பண்ணிக்கப்போறேன்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"யாருக்கு?"

"எனக்குத்தாண்ணா. வேற யாருக்குப் பண்ணிவைக்கப்போறேன்?"

அவளுக்கு வயது முப்பத்தொன்பது. அந்த மூன்றாவது நாட்டில் ஒரு மருத்துவமனையில் டயாலிசிஸ் பிரிவில் நர்ஸ். மாப்பிள்ளை அதே தெருவில் ரொட்டிக் கடை வைத்திருப்பவர். மனைவியை இழந்தவர். அந்த ஊர்க்காரர்.

"ரொட்டி நல்லா இருக்குமா?"

"சுமார்தான். ஆள் நல்லவர்."

"சித்தப்பா என்ன சொல்றார்?"

"ஒண்ணும் சொல்லல. போனை அம்மா கையில குடுத்துட்டு எழுந்து போயிட்டார்."

"சித்தி?"

"முதல்ல அழுதா. அப்புறம் புடவை என்ன கலர்னு கேட்டா."

ஆம், தங்கச்சி என்பவள் அவருடைய அம்மாவின் தங்கை மகள். இப்படிப் பிரித்துச் சொல்வது கதைக்காக. மெக்கானிக் ஒருநாளும் யாரிடமும் பிரித்துச் சொன்னதில்லை. கூடப் பிறந்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்டால் தம்பி ஒருத்தன், தங்கச்சி ஒருத்தி என்பார். இரண்டு குடும்பமும் ஒரே காம்பவுண்டில் இருந்தன. அவள் பள்ளிக்கூடத்தில் கையொப்பம் வாங்கவேண்டிய மார்க் அட்டைகளில் பாதிக்கு மேல் அவர்தான் சித்தப்பாவைப்போலப் போட்டுக் கொடுத்திருக்கிறார். அந்தக் கையெழுத்துகள் ஒன்றுகூடப் பிடிபடவில்லை.

"அடுத்த மாசம் பதினெட்டாம் தேதி வியாழக்கிழமை, காலைல பதினொண்ணு இருபதுக்கு ரிஜிஸ்டர் ஆபீஸ்ல நேரம் குடுத்திருக்காங்க. ரெண்டு சாட்சி வேணும். அவர் பக்கம் அவரோட அக்கா. என் பக்கம் நீ."

"உன்கூட வேலை பாக்கறவங்க யாரும் போடக்கூடாதா?"

"யார் வேணும்னாலும் போடலாம்னு சட்டம் சொல்லுது. நான் சொல்லல."

மெக்கானிக் ஸ்பேனரை எடுத்துப் பையில் போட்டார்.

"அந்த அக்கா நாலு தடவை கேட்டுட்டாங்கண்ணா, உனக்குன்னு யாருமே இல்லையான்னு. எங்க அண்ணன் வருவான்னு சொல்லி வெச்சிருக்கேன். வருவதானே?"

"வருவேன்."

"லீவு குடுப்பாங்களா?"

"குடுக்கலைன்னா எல்லா லிஃப்டையும் நிறுத்திட்டு வரேன்."

இப்படி வீரமாகச் சொல்லிவிட்டு இறங்கி வந்தவருக்குப் பத்தொன்பது காகிதம் வேண்டும் என்பது அன்றைக்குச் சாயங்காலம்தான் தெரிந்தது.

காகிதங்களைத் திரட்டியது மனைவி. அவர் ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பில் உட்கார்ந்திருப்பவர். வலியோடு வருகிறவர்களை வரிசையில் உட்காரவைத்தே பழகியவர் என்பதால் காகிதங்களும் அவரிடம் வாலாட்டவில்லை. புகைப்படத்தில் காது இரண்டும் தெரிய வேண்டும், சிரிக்கக் கூடாது என்று விதி. எடுத்து வந்த படத்தைப் பார்த்துவிட்டு மனைவி சொன்னார்:

"கல்யாணத்துக்குப் போற மூஞ்சியா இது? ஜாமீன்ல வந்தவன் மாதிரி இருக்கு."

"சிரிக்கக் கூடாதுன்னு போட்டிருக்கே."

"சிரிக்காம இருக்கறதுக்கும் நல்லா இருக்கறதுக்கும் நடுவுல நிறைய இடம் இருக்குங்க."

குடியிருப்பு அட்டை, பயணம் முடிந்த பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். அவருடையதில் மூன்று மாதமும் பதினொரு நாளும் இருந்தது. மனைவி காலண்டரில் விரல் வைத்து இரண்டு தடவை எண்ணினார். சூப்பர்வைசரிடம் கடிதம் வாங்க வேண்டியிருந்தது. 'இவர் நிச்சயமாகத் திரும்பி வந்துவிடுவார்' என்று கம்பெனி எழுதித் தர வேண்டும். சூப்பர்வைசர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, "வந்துடுவல்ல?" என்று கேட்டார். பதினோரு வருடத்தில் ஒரு நாள் அவர் பாட்டுக்குக் காணாமல் போனதில்லை. ஆனாலும் எழுதியதைப் படித்த பிறகு சூப்பர்வைசருக்கே சந்தேகம் வந்துவிட்டது.

விசா மையம் ஏழாவது மாடியில். போகும்போதே மெக்கானிக் கவனித்தார்: லிஃப்ட் தரைமட்டத்துக்கு அரை அங்குலம் மேலே நிற்கிறது. வேறு கம்பெனி லிஃப்ட். ஆனாலும் கை பரபரத்தது. டோக்கன் எடுத்து, மூன்று மணி நேரம் உட்கார்ந்து, கடைசியில் கைரேகை வைக்கும் இடத்துக்கு வந்தார். கண்ணாடித் தகட்டில் நான்கு விரல்களை வைத்தார். கம்ப்யூட்டர் ஒன்றும் தெரியவில்லை என்றது. துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். இல்லை. இரும்புக் கயிறும் கிரீஸும் பதினோரு வருடம் தேய்த்த விரல்கள்.

"உங்களுக்கு ரேகையே இல்லையே" என்றாள் கவுண்டர் பெண்.

"இருந்துச்சு. லிஃப்ட்ல போயிடுச்சு."

அவள் சிரித்துவிட்டு ஈரத் துண்டு கொடுத்தாள். ஆறாவது தடவையில் கம்ப்யூட்டர் போனால் போகிறது என்று ஒத்துக்கொண்டது. மெக்கானிக் தங்கச்சியைக் கூப்பிட்டு, "குடுத்தாச்சு. இனிமே நீ ரொட்டிய மட்டும் பாரு" என்றார்.

மூன்றாம் தேதி கடிதம் வந்தது. மனைவி போனில் திறந்து படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்தில் சிரிப்பு வந்தது. முடிவுக்கு வந்ததும் சிரிப்பு போய்விட்டது.

"என்ன?"

"உங்க தங்கச்சி உங்க தங்கச்சி இல்லையாம்."

விண்ணப்பத்தில் சிஸ்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். அழைப்பவரும் தன் கடிதத்தில் உங்களைப் பிரதர் என்கிறார். ஆனால் இருவருடைய பிறப்புச் சான்றிதழ்களிலும் அப்பா பெயர் வேறு, அம்மா பெயர் வேறு. ஐந்து வேலை நாட்களுக்குள் இருவரும் எழுத்தில் விளக்கம் தர வேண்டும். பொய்த் தகவல் என்று முடிவானால் விசா கிடையாது, ஒரு வருடத்துக்கு மறுபடி கேட்கவும் முடியாது. இதுதான் கடிதத்தின் சாரம்.

மெக்கானிக் சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார்.

"பொய்யா? நான் என்ன பொய் சொன்னேன்?"

"அவங்க ஊர்ல சித்தி பொண்ணு தங்கச்சி இல்லைங்க. கசின்."

"கசினா?"

"கசின்னு எழுதியிருந்தா முடிஞ்சிருக்கும். நான்தான் மறுபடி படிச்சிருக்கணும். எனக்கும் தோணல பாருங்க. நாத்தனாரை நாத்தனார்னுதானே நானும் பாத்திருக்கேன்."

மெக்கானிக் சோபாவில் உட்கார்ந்தார். அந்த வார்த்தையை அவர் கேள்விப்படாதவர் இல்லை. வேலை செய்யும் இடத்தில் நாளுக்கு நாலு தடவை காதில் விழும். ஆனால் அது அடுத்தவர் வீட்டு வார்த்தை. அவர் வீட்டில் அதற்கு வேலை இருந்ததில்லை. இப்போது அதை எடுத்துப் பார்த்தால், அதற்குள் சித்தி மகள், பெரியப்பா மகள், அத்தை மகள், மாமா மகள் எல்லாரும் ஒன்றாக அடைபட்டிருந்தார்கள். தங்கச்சியையும் முறைப்பெண்ணையும் ஒரே பெட்டியில் போட்டு மூடிவிட்டார்கள். எப்படி மூடினார்கள், மூடும்போது யாரும் தடுக்கவில்லையா என்று அவருக்குப் புரியவில்லை.

"அப்படிப் பாத்தா என் அத்தை பொண்ணும் கசின்தானா?"

"உங்களுக்குக் கட்டிவைக்கறதா பேசுனாங்களே, அந்த அத்தை பொண்ணா?"

"பேசினது அவங்க. நான் இல்ல."

"ஆமா, அவளும் கசின்தான். இனிமே ரெண்டு பேரும் ஒரே வரிசை. அப்ப நான் யாரு உங்க தங்கச்சிக்கு? கசினியா?"

மெக்கானிக் சிரிக்கவில்லை. பதினெட்டாம் தேதிக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

தங்கச்சியைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்தப் பக்கம் முழுவதையும் கேட்டுக்கொண்டது. பிறகு வெடித்தது.

"கசின்னு எழுதி நான் கையெழுத்துப் போடணுமா? முடியாது."

"ஒரு வார்த்தைதானே."

"ஒரு வார்த்தைதானா? இங்க எங்க வார்டுல ஒருத்தி அவ பாய்ஃப்ரெண்டை மூணு வருஷமா கசின்னு சொல்லிட்டுத் திரியறா. அவரோட அக்காகிட்ட நான் என்ன சொல்லியிருக்கேன்? அண்ணன் வரான், அண்ணன் வரான்னு ரெண்டு மாசமா சொல்லிட்டிருக்கேன். இப்பப் போய் கசின்னா, வாடகைக்குப் பிடிச்சுட்டு வந்தேன்னு நினைக்க மாட்டாங்க?"

"எழுதலைன்னா நான் வரவே முடியாது. அப்ப யாருன்னு சொல்லுவ?"

"எனக்குத் தெரியாது. நீதான் பெரியவன். நீ பாத்துக்க."

போனை வைத்துவிட்டாள். பெரியவன் என்றால் இந்த மாதிரி சமயத்தில் மாட்டிக்கொள்கிறவன் என்று அர்த்தம்.

மறுநாள் வேலையில் கூட்டாளியிடம் சொன்னார். கூட்டாளிக்குப் பெயர் பாதாளம். லிஃப்டுக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கச் சொன்னால் முதல் ஆளாக இறங்குவான், ஏறிவரச் சொன்னால் கடைசி ஆளாக வருவான். உள்ளே குளுகுளுவென்று இருக்கும், சூப்பர்வைசர் தொல்லையும் கிடையாது. அவனும் அதே மொழிக்காரன். பள்ளத்துக்குள்ளிருந்தே யோசனை சொன்னான்.

"ரொம்ப சிம்பிள்ண்ணே. சித்தின்னா நம்ம ஊர்ல ரெண்டு அர்த்தம். அம்மாவோட தங்கச்சியும் சித்திதான், அப்பாவோட ரெண்டாவது சம்சாரமும் சித்திதான். உங்கப்பா ரெண்டு கட்டிக்கிட்டார்னு எழுதிடுங்க. பாதி தங்கச்சி ஆயிடும்."

"டேய், எங்கப்பா ஒண்ணையே சமாளிக்க முடியாம இருந்தவர்டா."

"அது அவங்களுக்குத் தெரியவா போகுது?"

"எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா?"

பள்ளத்திலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அப்ப வேணாம்ண்ணே" என்றான் பாதாளம்.

அவன் சொன்னது விளையாட்டுக்குத்தான். ஆனால் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது மெக்கானிக் அதையே நினைத்துக்கொண்டு வந்தார். எழுதியது உண்மை. அது பொய்யாகிவிட்டது. இப்போது பொய் ஒன்றைச் சொன்னால் உண்மையாகிவிடும்போல இருக்கிறது. லிஃப்டில் எல்லா மாடிக் கதவுப் பூட்டுகளும் ஒரே கம்பியில் வரிசையாகக் கோத்திருக்கும். ஏதோ ஒரு மாடியில் ஒரு பூட்டு நூல் அளவு சேராவிட்டாலும் லிஃப்ட் அசையாது. அவசரக்காரர்கள் அந்தப் பூட்டைத் தாண்டி ஒரு துண்டுக் கம்பியைக் கொடுத்து ஓட்டிவிடுவார்கள். ஓடும். கதவு திறந்திருந்தாலும் ஓடும். அப்படி ஓட்டிய லிஃப்டில் ஒரு ஆள் விழுந்ததை அவர் பார்த்திருக்கிறார். துண்டுக் கம்பி கொடுக்கிற வேலை அவருக்கு ஆகாது.

வீட்டுக்கு வந்து ஒரு வெள்ளைத் தாளையும் ஸ்கேலையும் எடுத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார். கடிதம் எழுத அவருக்கு வராது. படம் போட வரும். மேலே ஒரு கட்டம்: தாத்தா, பாட்டி. அதிலிருந்து ஒரு கோடு இறங்கி இரண்டாகப் பிரிந்தது. இடது கட்டம் அம்மா, வலது கட்டம் சித்தி. அம்மாவுக்குக் கீழே தான், சித்திக்குக் கீழே தங்கச்சி. கட்டங்களுக்கு எண் கொடுத்து, ஓரத்தில் எண்ணுக்கு விளக்கம் எழுதி, கோடுகள் ஒன்றையொன்று வெட்டாமல் பார்த்துக்கொண்டார். கண்ட்ரோல் போர்டுக்குப் போடுவது மாதிரியே இருந்தது.

மனைவி எட்டிப் பார்த்தார்.

"இதுல நான் எங்க?"

"நீ வேற போர்டு."

"ஃபியூஸைப் பிடுங்கறது நான்தான், ஞாபகம் இருக்கட்டும்."

கீழே எழுதவேண்டியதை மனைவி சொல்லச் சொல்ல எழுதினார். அழைப்பவர் என் தாயின் தங்கை மகள். எங்கள் மொழியில் இந்த உறவுக்குத் தங்கை என்ற சொல்லே உண்டு, வேறு சொல் இல்லை. ஏமாற்றும் எண்ணம் இல்லை. பிறகு கடைசி வரி. 'எனவே, இருபத்தேழாவது கட்டத்தை இவ்வாறு திருத்திக்கொள்ள வேண்டுகிறேன்.' அங்கே வந்ததும் பேனா நின்றது.

"எழுதுங்க."

"எழுதறேன்."

"ஆறே எழுத்து."

"எனக்கு எண்ணத் தெரியும்."

பிறந்த நாளிலிருந்து கூப்பிட்டு வந்ததை ஒரு அதிகாரிக்காக மாற்றிச் சொல்வது, அவளை வாசலில் நிற்கவைத்துக் கதவைச் சாத்துகிற மாதிரி இருந்தது. ஆனால் சாத்தாவிட்டால் பதினெட்டாம் தேதி அவள் பக்கத்து நாற்காலி காலியாக இருக்கும். எழுதினார். எழுதிவிட்டுத் தாளை மனைவி பக்கம் தள்ளிவிட்டுப் போய் முகம் கழுவினார்.

தங்கச்சிக்கு ஒரு வரி செய்தி அனுப்பினார்: 'நான் எழுதிட்டேன். உன் கடிதம் புதன்கிழமைக்குள் போகணும்.' பதில் செவ்வாய்க்கிழமை வந்தது. 'அவங்களுக்கு வேணும்கறதை நீ எழுது. எனக்கு வேணும்கறதை நான் எழுதறேன்.'

என்ன எழுதினாள் என்று சொல்லவில்லை. கேட்கப் பயமாக இருந்தது. கேட்கவில்லை.

பன்னிரண்டாம் தேதி வெள்ளிக்கிழமை நேரில் வரச் சொன்னார்கள். கிளம்பும்போது மனைவி வாசல்வரை வந்து சொன்னார், "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. விளக்கம் குடுக்கறேன்னு ஆரம்பிச்சீங்கன்னா மாட்டிப்பீங்க."

கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெண் அதிகாரி. ஐம்பது வயது இருக்கும். கண்ணாடியில் ஒரு துளை, அதில் ஒரு மைக். அவர் முன்னால் மெக்கானிக் போட்ட படம் விரிந்திருந்தது.

"இதை யார் வரைஞ்சது?"

"நான்."

"நல்லா இருக்கு. இந்த ரெண்டு பேரும் அக்கா தங்கச்சி?"

"ஆமா."

"அப்ப இவங்க உங்களுக்கு கசின்."

"உங்க கணக்குல கசின். எங்க கணக்குல தங்கச்சி."

"உங்க மொழியில கசினுக்கு வார்த்தையே இல்லையா?"

மெக்கானிக் வாயைத் திறந்தார். மனைவி சொன்னது நினைவுக்கு வருவதற்குள் வார்த்தை வெளியே வந்துவிட்டது.

"இருக்கு. ஆளுக்கு ஆள் வேற. சித்தி பொண்ணு தங்கச்சி. ஆனா அத்தை பொண்ணு தங்கச்சி இல்ல. அத்தை பொண்ணை நான் கல்யாணமே பண்ணிக்கலாம்."

அதிகாரி தலையை நிமிர்த்தினார்.

"பண்ணிக்கிட்டீங்களா?"

"இல்ல, இல்ல. வேற இடத்துல பண்ணிக்கிட்டேன்."

"இந்தப் படத்துல இருக்கறவங்களை?"

"ஐயோ! அதுக்குத்தாங்க சொல்றேன், தங்கச்சின்னு!"

பக்கத்துக் கவுண்டரில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அதிகாரி உதட்டைக் கடித்துக்கொண்டு கம்ப்யூட்டரில் எதையோ தட்டினார். பிறகு இன்னொரு காகிதத்தை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினார். தங்கச்சியின் கடிதம். டைப் அடித்த வரிகளுக்கு நடுவில் ஒரு வார்த்தையை மட்டும் பேனாவால் எழுதியிருந்தாள். தமிழில். 'இவர் என்னுடைய' என்பது வரைக்கும் அவர்கள் படிக்கிற மொழி. அதன் பிறகு கொட்டை எழுத்தில்: அண்ணன்.

"இது என்ன வார்த்தை?"

மெக்கானிக் கண்ணாடிக்கு அருகே குனிந்தார். பிரதர் என்றால் இருவரும் மறுபடி பொய் சொன்னவர்கள் ஆகிவிடுவார்கள். கசின் என்றால் அது அந்த வார்த்தைக்கு அர்த்தமே இல்லை. அவள் வேண்டுமென்றே வைத்துவிட்டாள். கழுதை.

"படிக்க முடியுதா உங்களால?"

"முடியுது. அண்ணன்."

"அப்படின்னா?"

கொஞ்சம் யோசித்தார். இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தார்.

"எனக்கு மூத்தவன்னு அர்த்தம். எந்த வயித்துல பிறந்தவன்னு அந்த வார்த்தை சொல்லாது."

அதிகாரி கடிதத்தைக் கீழே வைத்தார். படத்தைப் பார்த்தார். மறுபடி கடிதத்தைப் பார்த்தார்.

"என் படிவத்துல அதுக்கு இடம் இல்ல. ஒண்ணுதான் எழுத முடியும்."

"கசின்னு போட்டுக்குங்க."

"சரிதானே?"

"விசாவுக்குச் சரி."

அவர் தட்டினார். எவ்வளவு நாள் தங்கவேண்டும் என்று கேட்டார், திரும்பும் டிக்கெட்டைப் பார்த்தார், குடியிருப்பு அட்டையின் கடைசித் தேதியைப் பார்த்தார். முகத்தில் ஒன்றையும் காட்டவில்லை. செவ்வாய்க்கிழமை வந்து பாஸ்போர்ட்டை வாங்கிக்கொள்ளச் சொன்னார். உள்ளே விசா இருக்குமா இருக்காதா என்று சொல்வது அவர் வேலை இல்லை.

செவ்வாய்க்கிழமை, பதினாறாம் தேதி, ஒட்டிய உறையில் பாஸ்போர்ட் கைக்கு வந்தது. அங்கேயே பிரிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். அழுகிறவர்களாலும் சண்டை போடுகிறவர்களாலும் வரிசை தடைபடும்போல. லிஃப்டில் ஏறினார். கதவு மூடியதும் உறையைக் கிழித்தார். ஏழுக்கும் ஐந்துக்கும் நடுவில் பக்கங்களைத் தப்பாகப் புரட்டினார். நான்காவது மாடியில் விசா கிடைத்தது. ஒன்பது நாள் கேட்டதற்கு ஐந்து நாள் கொடுத்திருந்தார்கள். பதினேழு முதல் இருபத்தொன்று வரை. பக்கத்தில் நின்றிருந்த அறிமுகம் இல்லாத ஒருவரிடம், "தங்கச்சி கல்யாணம்" என்றார் தமிழில். அவர் மரியாதையாகத் தலையை ஆட்டினார்.

மனைவிக்கு லீவு கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அவருக்கும் பத்தொன்பது காகிதம் திரட்ட நேரம் இல்லை. சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டே, "போய் கையெழுத்தைப் போட்டுட்டு வாங்க. பொண்ணு வீட்டுக்காரர் மாதிரி விறைப்பா நில்லுங்க. லிஃப்டைப் பாத்தா கிட்ட போகாதீங்க" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் விமான நிலையத்தில் தங்கச்சி நின்றிருந்தாள். பக்கத்தில் ரொட்டிக் கடைக்காரர், தடிமனான கை, கூச்சமான முகம். மெக்கானிக் பெட்டியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தார். தங்கச்சி ஓடி வரவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, அவரைத் தாண்டி அவருக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தாள்.

"கசின் வந்துட்டாரு. எங்க அண்ணன் எங்க?"

"அவனுக்கு விசா கிடைக்கல."

அதற்குமேல் அவளால் முடியவில்லை. சிரித்தாள், சிரித்துக்கொண்டே பெட்டியைப் பிடுங்கினாள், "என்ன இவ்வளவு இளைச்சுட்ட, அண்ணி சோறு போடறதில்லையா?" என்றாள், கண்ணைத் துடைத்தாள். என்ன நடந்தது என்று ரொட்டிக் கடைக்காரர் கேட்டார். காருக்குப் போகிற வழியெல்லாம் அவள் விளக்கினாள். அவருக்கு அத்தை மகள் வரைக்கும் புரிந்தது. பெரியப்பா மகனில் கைவிட்டுவிட்டார்.

மறுநாள் பதினொன்று இருபதுக்குக் கூப்பிட்டார்கள். அறை சின்னது. ஒரு மேஜை, பன்னிரண்டு நாற்காலி, ஜன்னல் ஓரம் ஒரு பூச்சாடி. ரொட்டிக் கடைக்காரரின் அக்கா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். நெட்டையானவர். சந்தேகத்தோடு பார்க்கிற கண். மெக்கானிக்கைப் பார்த்ததும் எழுந்து வந்து கை கொடுத்தார். கை கொடுத்தவர் விடாமல் அவருடைய மூக்கையும் தங்கச்சியின் மூக்கையும் மாறி மாறிப் பார்த்தார். மூக்கு இரண்டும் ஒன்றேபோல இருந்தன. தாத்தா வழி மூக்கு. அக்கா கையை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

பதிவாளர் படித்தார், மணமக்கள் சம்மதம் என்றார்கள், மோதிரம் மாற்றிக்கொண்டார்கள். எட்டு நிமிஷம் ஆயிற்று. பிறகு பெரிய பதிவேட்டைத் திருப்பி வைத்தார் பதிவாளர். முதலில் அக்கா கையெழுத்துப் போட்டார். பேனா மெக்கானிக்கிடம் வந்தது.

அவர் குனிந்தார். சாட்சியின் பெயர் என்று ஒரு கட்டம். எழுதினார். தொழில் என்று ஒரு கட்டம். லிஃப்ட் மெக்கானிக் என்று எழுதினார். முகவரி எழுதினார். அடுத்தது கையெழுத்து. அவர் பேனாவை நிறுத்திவிட்டுப் பக்கத்தை மேலிருந்து கீழே பார்த்தார். எதிர்ப் பக்கத்தையும் பார்த்தார். தாளின் ஓரத்தைத் தூக்கிப் பின்பக்கம் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தார்.

"என்னண்ணா தேடற?" என்றாள் தங்கச்சி மெல்ல.

"உறவுன்னு ஒரு கட்டம் இருக்கணுமே."

"இதுல அது கிடையாதுண்ணா. யாரு வேணும்னாலும் போடலாம்னு சொன்னேன்ல. அதனால கேக்க மாட்டாங்க."

"ஒருத்தருமே கேக்க மாட்டாங்களா?"

"போடுண்ணா. அடுத்த ஜோடி வெளிய நிக்குது."

மெக்கானிக் கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூட மார்க் அட்டைகளில் சித்தப்பா பெயரைப் போட்டதைவிட நிதானமாக, சொந்தப் பெயரை, தமிழில், கட்டத்தைத் தாண்டி வெளியே போகும்படி நீளமாகப் போட்டார். பதிவாளர் அதை உற்றுப் பார்த்துவிட்டு மை காயட்டும் என்று பதிவேட்டை மூடாமல் வைத்தார்.